மேல்மாடி காலி

கடைத்தெரு செத்துக்கொண்டிருக்கிறது என்று கடைத்தெரு புத்துயிர் வாரியம் சொல்லித்தான் கடைக்காரர்களுக்கே தெரியவந்தது. வியாபாரம் கொஞ்சம் மந்தம்தான், அதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்கினார்கள். சில்லறை இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் மாற்றினார்கள். மத்தியானம் ஒருவர் கடையை இன்னொருவர் பார்த்துக்கொள்ள, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். இதையெல்லாம் உயிர் இருப்பதற்கான அறிகுறியாக வாரியம் ஏற்றுக்கொள்ளவில்லை.

வாரியத்தின் அலுவலகம் ஊருக்கு வெளியே, சுற்றிலும் ஒரு பெட்டிக்கடைகூட இல்லாத பெரிய கட்டடத்தில் இருந்தது. ஊழியர்களுக்குப் பேனா தீர்ந்துபோனால் கார் எடுத்துக்கொண்டு போய்த்தான் வாங்கி வர வேண்டும். கடைத்தெருக்களை விருப்பு வெறுப்பில்லாமல் ஆராய இந்தத் தூரம் அவசியம் என்று தலைவர் சொல்லுவார்.

முதல் கூட்டத்துக்கு எல்லாக் கடைகளையும் அழைத்திருந்தார்கள். வியாபாரம் சூடு பிடிக்கிற முற்பகல் வேளையில் கூட்டம். கடையைப் பூட்டிவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. போனவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்தான். அவரும் தெருவைக் காப்பாற்றப் போகவில்லை. அவருடைய கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. பார்வை சரியில்லை என்று கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கடைக்குள் நுழைவதற்கு முன் அதில் ஒரு காலை விடுவது வழக்கமாகியிருந்தது.

"அதிகாரிங்க எல்லாம் ஒரே இடத்துல இருப்பாங்க. நேரா போய் மூடியைப் பத்திச் சொல்லிட்டு வந்துடுங்க. அவங்க பேசறதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு நிக்காதீங்க" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பி வைத்தாள்.

அரங்கு முழுக்க நாற்காலிகள், உட்கார ஆளில்லை. கண்ணாடிக்காரர் வாசலிலேயே தயங்கி நின்றார். வேறு ஏதோ கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பப் பார்த்தபோது தலைவரே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா வாங்க, வாங்க. நிறையப் பேர் வந்தா அது வெறும் கூட்டம். ஒருத்தர் வந்தா அவர் பிரதிநிதி. எங்களுக்குத் தேவை பிரதிநிதிதான்."

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வந்தது. கழுத்தில் பட்டையோடு ஒரு அட்டையை மாட்டினார்கள், அதில் 'தெருவின் குரல்' என்று அச்சடித்திருந்தது. கடையில் அவரிடம் வருகிறவர்கள் "ஏம்பா, இதுல ஒண்ணும் சரியாத் தெரியலையே" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். இங்கே வந்ததிலிருந்து எல்லோரும் ஐயா, ஐயா என்றார்கள். அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

ஆலோசகர் என்று அறிமுகப்படுத்தப்பட்ட இளம்பெண் திரையில் ஒரு படம் காட்டினார். அவர்கள் தெருவேதான். ஆனால் வளைந்த விளக்குக் கம்பத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. ஒவ்வொரு கடைக்கு மேலேயும் அடுக்கடுக்காக வீடுகள். பால்கனியில் செடிகள். தெருவில் நடக்கிற ஜனங்கள் எல்லோரும் உயரமாக, ஒல்லியாக இருந்தார்கள். ஒருவர் கையிலும் கனமான பை இல்லை, ஒருவர் முகத்திலும் மூக்குக்கண்ணாடி இல்லை.

"கடைக்கு மேல வீடு. வீட்டுக்குக் கீழ கடை. குடியிருக்கறவங்க படி இறங்கினா கடைத்தெரு. இவ்வளவுதான் திட்டம்" என்றார் ஆலோசகர்.

நல்ல யோசனைதான் என்று கண்ணாடிக்காரருக்கு உண்மையாகவே பட்டது. அவருக்கு அடுத்த கடைப் பேக்கரி அக்கா இப்படித்தானே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கீழே பேக்கரி, மேல்மாடியில் அவளும் புருஷனும். விடிவதற்குள் இறங்கி வந்து அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள். ரொட்டி வாசனையில்தான் தெரு கண் விழிக்கும்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் ஆலோசகர். "மேல்மாடியில இப்ப யாராவது குடியிருந்தா திட்டத்தைத் தொடங்க முடியாது. ஆட்கள் இருந்தா இழுத்துக்கிட்டே போகும். அப்படி யாரும் இல்லையே, ஐயா?"

குறிப்பெடுக்கிறவர்கள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்தார்கள். தலைவர் முகத்தில் குழந்தை ஒன்று மிட்டாய்க்காகக் காத்திருக்கிற பாவனை. இவ்வளவு மரியாதை செய்தவர்களை ஏமாற்றக் கண்ணாடிக்காரருக்கு வாய் வரவில்லை. அவர் கடையின் மேல்மாடியில் பழைய பிரேம்களின் அட்டைப்பெட்டிகள்தான் கிடந்தன. அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு,

"மேல்மாடி எல்லாம் காலிதாங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சுக்கு இன்னோர் அர்த்தம் இருப்பது உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வாரியத்தில் அந்த அர்த்தம் புழக்கத்தில் இல்லை போலும். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். 'எல்லாம்' என்ற சொல்லை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் தலைவர் நன்றியுரைக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போது சாக்கடை மூடியைப் பற்றிச் சொன்னார்.

"அது தரைக்குக் கீழ வருது, ஐயா" என்று வருத்தப்பட்டார் தலைவர். "நாங்க தரைக்கு மேலதான் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "மூடி என்ன ஆச்சு?"

"சொல்லியிருக்கேன்."

"மாடியில வீடு கட்டப் போறாங்களாமே. பேக்கரி அக்கா மாடியில இருக்காங்கன்னு சொன்னீங்களா?"

"அதைப் பத்திக் கேக்கவே இல்ல" என்று அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். அட்டையைக் கழற்ற மறந்திருந்தார். அது பனியனுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

சில நாட்களில் அளவெடுக்கிறவர் வந்தார். எந்த மாடியிலும் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவர் வேலை. பேக்கரி மாடிக்கு அவர் ஏறியபோது பேக்கரி அக்காவின் புருஷன் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாமா. காலமெல்லாம் அடுப்பின் முன் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய், படி இறங்குவதே அவருக்குப் பெரிய வேலையாகியிருந்தது. அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அக்கா கண்ணாடிக் கடைக்கு வந்து சொன்னாள்.

"இங்க காலின்னு போட்டிருக்கேங்கறான். நான் இருக்கேனேப்பான்னு இவர் சொல்லியிருக்கார். அதுக்கு அவன், நீங்க இருக்கறது எனக்குத் தெரியுது ஐயா, ஆனா நீங்க காலி இடத்துல இருக்கீங்கன்னானாம். காலைத் தூக்கச் சொல்லிக் கட்டிலுக்கு அடியிலயும் அளந்துட்டுப் போயிருக்கான்."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் நிறுத்திய பிறகும் அவர் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார், நிறுத்தினால் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல்.

"காலின்னு யாரு தம்பி சொல்லியிருப்பாங்க?"

"தெரியலையே அக்கா."

"நீதான் பிரதிநிதின்னு சொன்னாங்க. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கேப்பாங்க."

அவர் ஒரு வார்த்தை சொன்னதைக் கேட்டுத்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு வாரியத்துக்குப் போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். திருத்தப் பிரிவு என்று ஓர் அறை இருந்தது. அங்கிருந்த அதிகாரி மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். நெடுங்காலமாக அந்த அறைக்கு யாரும் வந்ததில்லை என்பது தெரிந்தது.

"எந்தத் தகவல்ல தப்பு?"

"மேல்மாடி காலிங்கறது தப்புங்க. பேக்கரி மாடியில குடியிருக்காங்க."

"தப்பாச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"நீங்க?"

"பிரதிநிதி."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பிரதிநிதி சொன்னா தெரு சொன்ன மாதிரி. தெரு சொன்னதைத் தப்புன்னு சொல்ல நீங்க யாருங்க?"

"அதே பிரதிநிதிதாங்க."

"அப்ப தெரு முன்னுக்குப்பின் முரணாப் பேசுதுன்னு ஆகிடும். அதை விசாரிக்க ஒரு குழு போடணும். குழுவுல தெருவோட பிரதிநிதி கண்டிப்பா இருக்கணும். ஆனா சம்பந்தப்பட்டவர் இருக்கக் கூடாது."

கண்ணாடிக்காரர் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அப்ப குழுவுல யாருதான் இருக்கறது?"

"அதனாலதான் இந்தப் பிரிவு தொடங்கினதுலேருந்து ஒரு திருத்தம்கூட வந்ததில்லை" என்றார் அதிகாரி. அவர் குரலில் பெருமிதம் இருந்தது. "எங்க தகவல் எவ்வளவு துல்லியம்னு பாத்துக்குங்க."

பிரதிநிதி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தலைவரே ஆளனுப்பி அழைத்துக்கொண்டார். பழரசம் வரவழைத்தார். கண்ணாடிக்காரர் பேக்கரி அக்காவைப் பற்றிச் சொன்னார். இந்த முறை முழுசாகவே சொன்னார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனசு இளகியது முகத்திலேயே தெரிந்தது.

"நாங்க மக்களுக்காகத்தான் வீடு கட்டறோம், ஐயா. மக்களே வந்து உட்கார்ந்துக்கிட்டா எப்படிக் கட்டறது? நீங்களே சொல்லுங்க. நான் ஒரு குடும்பத்தைப் பார்ப்பேனா, வரப்போற எத்தனையோ குடும்பங்களைப் பார்ப்பேனா? வரப்போறவங்க இதுவரைக்கும் எங்ககிட்ட ஒரு குறைகூடச் சொன்னதில்ல. அவ்வளவு நல்ல ஜனங்க. இருக்கறவங்கதான் எப்பவும் குறை சொல்றாங்க."

"அந்த அக்கா எங்க போவாங்க?"

"அவங்களுக்கு இடம் இல்லாமலா? ஊர் எல்லையில எங்க தற்காலிகக் குடியிருப்பு இருக்கு. வேலை முடிஞ்சதும் திரும்பி வந்துடலாம். அப்புறம், சொல்ல மறந்துட்டேனே. மத்த கடைகளை இடிச்சுட்டுத்தான் கட்டணும், உங்க கடையை மட்டும் இடிக்கப் போறதில்லை. அதை மாதிரிக் கடையா வச்சிருக்கோம். புதுப் பலகை, புது விளக்கு எல்லாம் எங்க செலவு. தெருவோட குரல் தெருவுலதானே இருக்கணும்."

அந்த இடத்தில் எழுந்து, எனக்கு அது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இதைப் பிற்பாடு கண்ணாடிக்காரர் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். அப்போது அவருக்கு மனைவி நினைவு வந்தது, கண் டாக்டருக்குப் படிக்கிற மகள் நினைவு வந்தது. பழரசம் வேறு பாதி மிச்சம் இருந்தது. அதைக் குடித்து முடித்தார்.

கடைக்குத் திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு.

"பேசினியா தம்பி?"

"பேசினேன் அக்கா."

"என்ன சொன்னாங்க?"

"தற்காலிகம்தானாம். திரும்பி வந்துடலாம்னு சொல்றாங்க."

"நீ போய்ப் பேசினதாலதான் அதையாவது சொல்லியிருக்காங்க" என்றாள் அக்கா.

பேக்கரியைக் காலி செய்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. அடுப்பைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது, அது கட்டடத்தோடு கட்டடமாகக் கட்டியது. அக்கா அதன் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு இரும்புக் கதவைச் சாத்தினாள். இடிக்கப் போகிற அடுப்பை எதற்குத் துடைக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மாமாவை இரண்டு பேர் தூக்கி வந்து வண்டியின் முன் இருக்கையில் வைத்தார்கள். கிளம்பும்போது அக்கா கடைசி ஈடு ரொட்டியை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து கண்ணாடிக்காரர் கையில் கொடுத்தாள்.

"உன்னால முடிஞ்சதைப் பண்ணினே. மத்தவங்க யாரு எங்களுக்காக அவ்வளவு தூரம் போனாங்க?"

ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. அவரால் அதைத் தின்ன முடியவில்லை, தூக்கி எறியவும் முடியவில்லை. வீட்டில் அது காய்ந்து கட்டையாகும்வரை இருந்தது. ஒருநாள் மனைவி அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"எல்லாக் கடையையும் இடிக்கறாங்க. நம்ம கடையை மட்டும் ஏங்க விட்டு வச்சிருக்காங்க?"

அன்றைக்குத்தான் அவளிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவேயில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

தெருவை இரண்டு பக்கமும் தகரத்தால் அடைத்தார்கள். புத்துயிர் வேலை நடைபெறுகிறது, மாற்றுத் தெருவில் செல்லவும் என்று எழுதி வைத்தார்கள். ஜனங்கள் மாற்றுத் தெருவில் சென்றார்கள், பிறகு அங்கேயே வாங்கிப் பழகிவிட்டார்கள். தெருவில் நடமாட்டம் குறைந்துவிட்டதாக வாரியத்துக்குக் கவலை வந்தது. அதைச் சரிக்கட்ட 'புத்துயிர் நடை' என்று ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் வாரிய ஊழியர்கள் பேருந்தில் வந்து இறங்கி, கையில் ஆளுக்கொரு துணிப்பையோடு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிட்டுப் போவார்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாடிக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். காற்றடித்த பலூன் இருந்தது. பை நிறைந்து தெரிய வேண்டும் என்று சுற்றறிக்கையாம்.

வீடுகள் எழும்பின. நன்றாகவே கட்டினார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் நிறுத்தும் இடம் கட்டாயம் என்று வாரியத்தின் இன்னொரு பிரிவு நினைவூட்டியது. காரை மாடியில் நிறுத்த முடியாது. அதனால் கீழே கடைகளுக்கென்று விட்டிருந்த இடமெல்லாம் கார்களுக்குப் போயிற்று. பேக்கரி இருந்த இடத்தில் வழவழப்பான சிமெண்டுத் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். தையல் சாமான் கடை இருந்த இடத்தில் குப்பைத் தொட்டிகளுக்கு அழகான கதவு வைத்தார்கள். மிச்சமிருந்தது மாதிரிக் கடை மட்டும்தான். எதற்கு மாதிரி என்று கேட்டால் சொல்ல வேறு கடை எதுவும் அங்கே இல்லை.

திறப்பு விழாவுக்கு மேடை போட்டார்கள். தலைவர் பேசினார்.

"கடைத்தெருவுக்கு ஜனங்களைக் கொண்டுவரணும்னு நெனச்சோம். கொண்டுவந்துட்டோம். கடைதான் இல்லைன்னு சிலர் சொல்றாங்க. ரெண்டையும் ஒரே திட்டத்துல எதிர்பார்க்கறது பேராசை. கடைகளைக் கொண்டுவர அடுத்த திட்டம் தயாரா இருக்கு. அதுக்கு இடம் தேவைப்பட்டா இந்த வீடுகளைப் பத்தியும் யோசிக்கத் தயங்க மாட்டோம். இத்தனைக்கும் அஸ்திவாரம் ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னவர் இங்கேயே உட்கார்ந்திருக்கார். ஐயா, அதை உங்க வாயாலேயே இன்னொரு தடவை சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் மேடையேறினார். மைக்கைக் கையில் வாங்கினார். எதிரே வாரிய ஊழியர்களும் வீடு வாங்கியவர்கள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் குடிவரப் போவதில்லை, விலை ஏறட்டும் என்று பூட்டி வைக்கப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"நான் சொன்னது பொய்" என்றார். "மேல்மாடி காலியா இல்ல. எனக்கு அடுத்த கடையில பேக்கரி அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் குடியிருந்தாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் காலின்னு சொன்னேன். நீங்க எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தீங்க, எனக்கு உங்களை ஏமாத்த மனசு வரல. அவங்களை ஏமாத்திட்டேன். அவங்களுக்கு இங்க ஒரு வீடு கொடுங்க. இதைக் கேக்கத்தான் வந்தேன்."

தலைவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். முதல் கூட்டத்தில் தட்டியதைவிடப் பலமாகவே தட்டினார்கள். ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேர்மை பாருங்க" என்று தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "இப்படி மனசைத் திறந்து பேசற பிரதிநிதியை உருவாக்கினதும் இந்தத் திட்டம்தான்."

மேடைக்குப் பின்னால் வைத்து அவரிடம் தனியாக விளக்கினார்கள். ஏற்கெனவே தெருவில் குடியிருந்தவர்களுக்கு வீட்டில் முன்னுரிமை உண்டு, சந்தேகமே வேண்டாம். ஆனால் இந்தத் தெருவில் யாரும் குடியிருந்ததில்லை என்பதும் உறுதியாகிவிட்ட விஷயம். அதை மாற்றுவதென்றால் திருத்தப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். ஊர் எல்லையில் அக்கா இருக்கிற தற்காலிகக் குடியிருப்புக்கும் ஒரு நல்ல செய்தி வைத்திருந்தார்கள். அதன் பெயரிலிருந்து 'தற்காலிக' என்ற சொல்லை எடுத்துவிட்டார்களாம். இனி அவர்களை யாரும் கிளப்ப மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அக்காவைப் பார்க்கப் போனார். இத்தனை காலத்தில் ஒருமுறைகூடப் போயிருக்கவில்லை. பேருந்து கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. ஒரே மாதிரியான உயரக் கட்டடங்கள், நடுவே தார் ரோடு. நிழலுக்கு ஒரு மரமில்லை, டீக்கடை இல்லை. லிப்ட் கதவில் பழுது என்று ஒட்டிய காகிதம் வெயிலில் மஞ்சளாகிப் போயிருந்தது. படி ஏறி மேலே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று இருந்தது.

கதவைத் திறந்த அக்காவுக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"யாரு வந்திருக்காங்க பாருங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "வா தம்பி. எளச்சுப் போயிட்டே."

ஒரே அறை. ஜன்னலை ஒட்டி மாமாவின் கட்டில். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். சமையல் மேடையில் ஒரு சின்ன மின்சார அடுப்பு, அதன்மேல் அக்கா ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து ரொட்டி சுட முயன்றிருந்தாள். ஒரு பக்கம் கருகியிருந்தது. அதைத் தட்டில் வைத்துக் கொடுக்க வெட்கப்பட்டு, கருகாத பக்கமாகப் பிய்த்துக் கொடுத்தாள். அவர் அதைத் தின்றார்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லலாம், இரு. முதல்ல ஒரு உதவி பண்ணு. மாமா கீழ இறங்கி எத்தனையோ நாளாச்சு. லிப்ட் ஓடல, என்னால தூக்க முடியல. ஒரு தடவை கீழ கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துடலாம். பேச்சு அப்புறம் பேசிக்கலாம்."

மாமாவை முதுகில் ஏற்றிக்கொண்டார். அப்படியொன்றும் கனமில்லை. அக்கா கதவைப் பூட்டிவிட்டு வருவதாகப் பின்தங்கினாள். முதல் திருப்பத்தில் மாமா அவர் காதோரம் பேசினார்.

"என்ன சொல்ல வந்தே அவகிட்ட?"

"ஒண்ணுமில்ல மாமா."

"காலின்னு சொன்னது நீதான்னு சொல்ல வந்தியா?"

கண்ணாடிக்காரர் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். மாமாவை இறக்கவும் முடியாது, திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

"அளவெடுக்க வந்தவன் அன்னைக்கே சொல்லிட்டான். உங்க கண்ணாடிக்கடைக்காரர்தான் சொன்னார்னான். நான் அவகிட்ட சொல்லல."

"ஏன் மாமா சொல்லல?"

"அந்தத் தெருவுல அவ பொறந்ததுலேருந்து இருந்தா. அத்தனை பேர்ல ஒருத்தனாவது நமக்காகப் போய் நின்னான்னு சொல்லிக்கிட்டுத்தான் இங்க நாளைக் கடத்திக்கிட்டிருக்கா. பக்கத்து வீட்டுக்கெல்லாம் உன்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்கா. நீ வந்து, அதுவும் இல்லன்னு சொல்லிட்டா, அவளுக்கு என்ன மிஞ்சும்? சொல்லிட்டா உனக்கு நிம்மதி. நீ பஸ் ஏறிப் போயிடுவே. நான்தான் அவகூட இருக்கணும்."

"அப்ப நான் என்ன பண்றது மாமா?"

"இப்போதைக்கு இறங்கு."

இறங்கினார். பின்னால் அக்காவின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கீழே ஒரு சிமெண்டுத் திண்டில் மாமாவை உட்கார வைத்தார்கள். பார்ப்பதற்கு அங்கே ரோடும் சுவரும்தான் இருந்தன. மாமா வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவற்றை ஆசையாகப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பையோடு பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அக்கா அவளைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நான் சொல்வேனே, எங்க தெருத் தம்பி. எங்களுக்காக வாரியம் வரைக்கும் போய்ப் பேசினவரு. இவர்தான்."

அந்தப் பெண் மரியாதையாகக் கும்பிட்டாள். கண்ணாடிக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவரும் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெயில் ஏறியதும் மாமாவை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறத் தொடங்கினார். ஏறும்போது கனம் கூடிவிட்டது போலிருந்தது. அக்கா பின்னாலிருந்து மாமாவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"என்னமோ சொல்லணும்னு வந்தியே தம்பி, என்ன?"

அவர் ஒரு படி ஏறினார். இன்னொரு படி ஏறினார்.

"லிப்ட் சரியாகிற வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடறேன், அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"இங்க எங்க லிப்ட் சரியாகப் போவுது" என்றாள் அக்கா.

"சரியாகாது" என்றார் மாமா, அவர் முதுகிலிருந்து. "நீ மெதுவாவே ஏறு."